22 அடியா, 16 அடியா?

கேள்வி:

அண்ணை, பதினேழு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டுப் போன வருடம் குடும்பத்தோடு கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவன் நான். பாய்ப்படகு ஓட்ட அங்கேதான் பழகினேன், மனைவிக்கும் ஓரளவு தெரியும். பிள்ளைகள் இரண்டு பேர், 11 வயதும் 7 வயதும். வீட்டு வளவில் ட்ரெய்லரில் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறில் கடலில் இறக்கி ஓடி, இடைக்கிடை ஓரிரவு தங்கி வரக்கூடிய பழைய படகு ஒன்று தேடுகிறோம். இரண்டு அகப்பட்டிருக்கின்றன. ஒன்று கொழும்புக்குத் தெற்கே போல்கொடை ஏரியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கற்றலினா 22. கபின் இருக்கிறது, நாலு பேர் படுக்கலாம், கீழே ஆடும் கீல். மற்றது திருகோணமலையில் உள்ள வேஃபேரர், 16 அடி, திறந்த படகு. மனைவிக்குக் கபின் பிடித்துவிட்டது. இரண்டும் வேண்டாம், இங்கேயே ஒரு 18 அடி மீன்பிடிப் படகை வாங்கிப் பாய் கட்டலாம் என்று மச்சான் சொல்கிறார். இழுக்க எங்களிடம் இருப்பது பழைய டபிள் கப் பிக்கப் ஒன்று. எதை வாங்குவது? மகள் ஒன்று கேட்கச் சொன்னாள்: வாங்கின படகின் பெயரை மாற்றலாமா?

பதில்:

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம் கதைப்போம். ட்ரெய்லர் நல்லதென்றால் திருகோணமலைப் படகை வாங்குங்கள். போல்கொடைப் படகைப் பார்க்கப் போகலாம், ஏறி இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் காசை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மனைவிக்குக் கோபம் வரும் என்று தெரியும். அவவும் சேர்ந்து வாசிக்கட்டும் என்றுதான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கற்றலினா 22 கெட்ட படகு இல்லை. அமெரிக்காவில் பிராங்க் பட்லர் வரைந்து 1969இல் தொடங்கியது, 15,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், சும்மா ஒரு படகு அவ்வளவு விற்காது. அதன் கீல், அதாவது அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற பாரம், 250 கிலோ வார்ப்பிரும்பு. நம்முடைய படகு கட்டும் ஓடாவிமார் ஏரா என்று சொல்வதற்கு ஒருவகையில் சொந்தக்காரன், ஆனால் இது பிணைச்சலில் தொங்கும், உள்ளே இருந்து விஞ்சைச் சுற்றினால் மேலே வரும். மேலே இழுத்தால் 2 அடித் தண்ணீரில் மிதக்கும், முழுக்க இறக்கினால் 5 அடி வேண்டும். போல்கொடையில் இறங்குதுறையில் கட்டி வைத்து, நினைத்த நேரம் ஏறி ஓடுகிற ஒருவருக்கு அது அருமையான படகு. நீங்கள் அப்படி ஓடப்போவதில்லையே.

எங்கள் தண்ணீரைப் பாருங்கள். பண்ணைப் பாலத்தில் ஒருநாள் பின்னேரம் போய் நில்லுங்கள். கரையில் இருந்து எவ்வளவோ தூரத்தில் ஒரு மனிசன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து நடந்து வலை பார்த்துக்கொண்டிருப்பார், தோளில் ஒரு பறி, தலையில் துவாய். அவர் நடக்கிற இடத்தில் உங்கள் கீல் சேற்றில் நிற்கும். நோர்வேயில் பாறைக்கு ஒரு பாகம் தள்ளினாலே அடி தெரியாத ஆழம், அங்கே பழகின கண்ணுக்கு இவ்வளவு பரந்த நீர் எல்லாமே ஓடக்கூடிய நீர் மாதிரித் தெரியும். தெரிகிறதெல்லாம் ஓடக்கூடிய நீர் இல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் உள்ள வாய்க்கால் ஆழமானது, அந்தக் காலத்தில் கப்பல் வந்த துறை அது. அதை விட்டு உள்ளே வந்தால் களப்பில் பெரும்பாலும் ஆள் நிலைக்கும்.

இன்னொன்று. படகு தட்டினால் பெருக்கு வரும்வரை காத்திரு, தானாகத் தூக்கும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். இங்கே வற்றுப்பெருக்கு இரண்டடிகூட வராது. நல்ல பெருக்கிலேயே தட்டிவிட்டீர்களென்றால் அடுத்த பெருக்கு உங்களுக்கு ஒன்றும் செய்யாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஒரு தொன்னுக்கு மேல் நிறையுள்ள படகை நீங்களும் மனைவியும் சேற்றில் நின்று தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். வேஃபேரரின் உடல் 169 கிலோ. படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க அடியில் இறக்குகிற நடுப்பலகையை மேலே இழுத்துவிட்டால் ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும், இறக்கினாலும் 4 அடிக்கு உள்ளேதான். தட்டினால் பலகை தானாக மேலே மடியும், சுக்கானும் அப்படியே. பிள்ளைகளைப் படகில் இருத்திவிட்டு நீங்கள் இறங்கிக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம், மாட்டைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி.

களப்புக்குள் தடி நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், களங்கட்டி, சிறகு வலை என்று. பகலில் தடி தெரியும், பின்னேர வெயில் கண்ணில் அடித்தால் தெரியாது, இருட்டினால் கேட்கவே வேண்டாம். அந்த வலை ஒருவருடைய அன்றாடச் சோறு. 5 அடிக் கீலோடு அதற்குள் போனீர்களென்றால் அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் உங்களுக்குக் கை கொடுக்கப்போவதில்லை, கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆகவே எந்தப் படகென்றாலும் பொழுது படமுன் கரை.

சரி, இனி இறக்குகிற கதை. பழைய படகு வாங்குகிற ஆக்கள் எல்லாரும் பாயைப் பார்க்கிறார்கள், கபினைப் பார்க்கிறார்கள், மெத்தையை அமர்த்திப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையை ஒருவரும் பார்ப்பதில்லை. கற்றலினாவும் ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்தால் ஒன்றரைத் தொன் கிட்ட வரும். தார் ரோட்டில் உங்கள் டபிள் கப் இழுக்கும். ஆனால் காரைநகர் கசூரினாக் கடற்கரையில், அல்லது எங்கள் பக்கத்தில் எந்த மணற்கரையிலென்றாலும், தரை அவ்வளவு சாய்வில்லை. 2 அடி ஆழத்தில் மிதக்கிற படகு, அதற்குக் கீழே ட்ரெய்லரின் உயரம் வேறு, ஆக ட்ரெய்லர் நிற்கிற இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வேண்டும். அந்த ஆழம் வரும்வரை பின்னுக்கு விட்டால் வாகனத்தின் எஞ்சினே உப்புத் தண்ணீருக்குள் போய்விடும். நீளக் கயிறு கட்டி இறக்கலாம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்து இழுக்கலாம், செய்கிறார்கள்தான். ஒவ்வொரு கிழமையும் செய்ய மாட்டீர்கள்.

அதோடு பாய்மரம். அதன் மரம் 25 அடி. எழுப்ப இரண்டு பெரிய ஆக்கள் வேண்டும், கம்பிகள் எல்லாம் மாட்டிப் பாய் பூட்டி முடிக்க, பழகும்வரை ஒன்றரை மணித்தியாலம் என்று வையுங்கள். விடிய 5 மணிக்கு எழும்பி, இடியப்பம் கட்டி, பிள்ளைகளை எழுப்பி, கரைக்குப் போய், 9 மணிக்கு மரம் நிற்கும்போது 7 வயதுப் பிள்ளை "அப்பா எப்ப போறது" என்று நாற்பதாவது தரம் கேட்டிருக்கும். திரும்பி வந்து அதையே பின்னுக்கு இருந்து செய்ய வேண்டும், அப்போது எல்லாருக்கும் வெயில் குடித்த களைப்பு. முதல் மாதம் நாலு தரம் இறக்குவீர்கள், இரண்டாம் மாதம் ஒரு தரம், நாலாம் மாதம் படகு தறப்பாளுக்குக் கீழே வளவில் நிற்கும், கபினுக்குள் கோழி அடைகிடக்கும். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, முட்டை எடுத்த ஒரு வீட்டுக்கே போயிருக்கிறேன். வேஃபேரரின் மரத்தை நீங்கள் ஒருவரே சாய்த்து எழுப்பலாம், கை படிந்தால் அரை மணித்தியாலத்தில் தண்ணீரில் நிற்பீர்கள்.

மரம் எழுப்பும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு தரமும் அண்ணாந்து பாருங்கள். வளவிலும், ஒழுங்கையிலும், இறக்குகிற இடத்திலும். அலுமினிய மரம், உப்பு ஈரக் கை.

ட்ரெய்லர் இருப்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் களப்பைப் பாலங்கள் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன, பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் உள்ள பாலம். மரம் நிற்கிற படகு அவற்றின் கீழால் போகாது. ட்ரெய்லரில் என்றால் பாலத்தை ரோட்டாலேயே கடந்து மறுபக்கம் இறக்கலாம். காற்றுக்கும் அப்படித்தான். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மே தொடக்கம் செப்டெம்பர் வரை வடகரை, அதாவது காங்கேசன்துறை தொடக்கம் பருத்தித்துறைப் பக்கம், கரை மறைப்பில் இருக்கும். ஆனால் அங்கே காற்று நிலத்தில் இருந்து கடலுக்கு வீசுகிறது என்பதை மறக்க வேண்டாம், ஏதாவது உடைந்தால் வெளிக்கடலுக்குத்தான் கொண்டுபோகும். வடகிழக்குக் காற்று வீசுகிற வாடை காலத்தில் அந்தக் கரைக்குக் கிட்டவும் போகாதீர்கள். பிள்ளைகளோடு ஓடப் பழகுவதற்கு மார்ச், ஏப்ரல் போலக் காலம் இல்லை.

இனி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று. எட்டு வருடத்துக்கு முன்னர் நீர்கொழும்பில் இருந்து ஒரு 19 அடிப் படகை இழுத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன், படகின் அடி தொடக்கம் மரத்தின் நுனி வரை தட்டித் தடவிப் பார்த்தேன். ட்ரெய்லருக்கு விற்றவர் புதுப் பெயின்ட் அடித்திருந்தார், நானும் பெயின்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். பரந்தன் தாண்டி ஆனையிறவில், இரவு 11 மணி இருக்கும், கிரீஸ் கரிந்த மணம். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கச் சில்லின் நடுவில் இருந்து புகை. பெயரிங் பொடிந்து உள்ளே அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உப்புவெளி, காற்று, நுளம்பு, ரோட்டோரத்தில் ஒரு படகு. விடியப்புறம் நிறுத்தின லொறிக்கார ஐயா ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மாடு வாங்கினாலே பல்லும் சுழியும் பார்ப்பம், நீ சில்லுப் பார்க்கேல்லையோ?"

அதனால் ட்ரெய்லரைப் படகுக்கு முன்னர் பாருங்கள். சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. சுழற்றிவிட்டுக் காதை வையுங்கள், மணல் அரைகிற சத்தம் கேட்டால் பெயரிங் போய்விட்டது. பெயரிங் மாற்றுவது பெரிய செலவில்லை, சட்டம் உக்கியிருந்தால்தான் பிரச்சினை. பெட்டிக் குழாயில் செய்த சட்டம் உள்ளே இருந்து உக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். ஒட்டு வைத்த இடங்களிலும் அடிப்பக்கத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், கணீர் என்றால் நல்லது, சத்து இல்லாத சத்தமென்றால் விலகுங்கள். நாகம் தோய்த்த சட்டம், அதுதான் கல்வனைஸ் பண்ணினது, கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 3214 என்றால் 2014ஆம் ஆண்டு 32ஆவது கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் வெயிலில் நின்ற டயரை நம்பி ஏ9இல் ஏறக்கூடாது. போல்கொடைப் படகு தண்ணீரிலேயே கட்டிக் கிடந்திருந்தால் அதன் ட்ரெய்லர் எத்தனை வருடமாக எந்தப் புல்லுக்குள் கிடக்கிறது என்று ஒரு தரம் யோசியுங்கள்.

வாங்கின பிறகும் ஒரு பழக்கம். இழுத்து வந்த கையோடு சில்லைக் கடலுக்குள் விடாதீர்கள். ஓடி வந்த பெயரிங் சூடாக இருக்கும், குளிர்ந்த தண்ணீரில் இறங்கின உடனே உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், அதற்குள் மரத்தை எழுப்பலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கொக்குவில் கிணற்றுத் தண்ணீர் உவரென்றாலும் கடலைவிட நல்லதுதானே.

திருகோணமலைப் படகு பலகையா பைபரா என்று நீங்கள் எழுதவில்லை. பலகை என்றால், அதாவது பிளைவுட், நடுப்பலகை இறங்குகிற பெட்டியின் அடி, பின்பக்கத்து மூலைகள், தளத்தின் கீழ், இந்த மூன்று இடத்திலும் மொட்டைத் திருப்புளியால் மெதுவாகக் குத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் உக்கல். பைபர் என்றால் முழங்கால் போட்டு, ஒரு ரூபாய்க் குற்றியாலோ திருப்புளிப் பிடியாலோ ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று அடி முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் ஒரே மாதிரிப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டினது மாதிரிக் கேட்டால் அங்கே படை பிரிந்திருக்கிறது. நட்சத்திரம் மாதிரி மெல்லிய வெடிப்புகள் மேற்பூச்சில் மட்டும் என்றால் பயமில்லை. மோட்டார் பூட்டுகிற பின்பலகையில் ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள், வளையக்கூடாது. இந்த வேலைகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, மீன்பிடிப் படகுக்குப் பைபர் போடுகிற கை எந்தக் கரையிலும் இருக்கிறது. ஆகவே பைபரில் சின்னக் குறை இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வேஃபேரருக்கு முன்னும் பின்னும் காற்றறை உண்டு. படகு கவிழ்ந்தால் உங்களையெல்லாம் மிதத்தப்போவது அதுதான். பணம் கொடுக்க முன்னர் ஒரு மணித்தியாலம் படகைத் தண்ணீரில் விட்டு, பிறகு அறைகளின் மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். கை நனைந்தால் எங்கே ஒழுகுகிறது என்று விற்கிறவரே கண்டுபிடிக்கட்டும். மரத்தைப் பிடிக்கிற கம்பிகளில் ஒரு பழைய சீலைத் துண்டை ஓட்டுங்கள், இழை அறுந்த இடத்தில் சீலை மாட்டும், கையால் தடவினால் கை கிழியும். பாயில் தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் பொடியாக வந்தால் வெயில் தின்றுவிட்டது. துணி நல்லதென்றால் திரும்பத் தைக்கலாம்.

ஒருவேளை வீட்டில் வாக்கெடுப்பு நடந்து கபின் வென்றுவிட்டதென்றால் ஒன்றே ஒன்று: அந்தக் கீலைத் தூக்கிற கம்பியையும், கீல் தொங்குகிற ஊசியையும் வெளியே எடுத்துக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அந்த ஊசி தேய்ந்தால் 250 கிலோ இரும்பு அலையோடு சேர்ந்து ஆடி, தொங்குகிற இடத்தையே அரைத்துவிடும்.

மச்சானின் யோசனைக்கு வருவோம். நல்ல மனிசன், காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். ஆனால் எங்கள் பைபர் மீன்பிடிப் படகு எஞ்சினுக்கு என்று வார்த்தது. அடியில் கீல் இல்லை, நடுப்பலகை இல்லை. பாய் கட்டினால் காற்று பின்னால் வரும்போது சந்தோஷமாகப் போகும், திரும்பி வர வேண்டிய நேரத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். அந்தக் காலத்துக் கட்டுமரக்காரர் பக்கத்தில் பலகை இறக்கித்தான் பாயில் ஓடினார்கள். நீங்களும் பலகை, சுக்கான், மரம் நிற்க அடிக்கட்டை என்று ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும்போது இரண்டு வேஃபேரர் வாங்கின காசு போயிருக்கும். மச்சானிடம் ஒரு உதவி கேளுங்கள், எஞ்சின் தேடித் தரச் சொல்லி. வேஃபேரருக்கு 2 தொடக்கம் 4 குதிரைவலு போதும். கரையில் பாவிக்கிற யமஹாவோ சுசுகியோ வாங்குங்கள், அபூர்வமான பிராண்ட் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறையில் எஞ்சின் நின்றால் கரையில் உள்ள எந்தப் பெடியனும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி மனைவியின் பக்கம். கபின் ஏன் பிடிக்கிறது? மழை, வெயில், பிள்ளைகள் படுக்க இடம், உடுப்பு மாற்ற மறைவு, கழிவறை. எல்லாம் நியாயம். ஆனால் தங்கச்சி, ஏப்ரல் மாதம் நண்பகலில் ஒரு பைபர் கபினுக்குள் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். ஒஸ்லோவில் கபின் என்பது குளிருக்கு ஒதுங்குகிற இடம், இங்கே அது போறணை. இரவிலும் காற்று நின்றால் உள்ளே படுக்க முடியாது, எல்லாரும் வெளியே வந்துவிடுவீர்கள். வேஃபேரரில் பாயின் அடிக்கட்டைக்கு மேலே ஒரு தறப்பாளைப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் கூடாரம், அதற்குள் நுளம்பு வலை. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், மூன்றாவது ஆள் சின்னதென்றால் படுக்கலாம். நாலு பேருக்கு இடம் போதாது, அதை மறைக்கமாட்டேன். பிள்ளைகளோடு ஒருவர் படகில், மற்றவர் கரையில் கூடாரத்தில், அல்லது எல்லாரும் கரையில். கழிவறைக்கு மூடியுள்ள சின்னக் கெமிக்கல் வாளி, சுற்றிவரச் சீலை, வீட்டில் கொண்டுபோய் ஊற்றுவது. அழகில்லைதான், ஆனால் கற்றலினாவிலும் இருக்கப்போவது அதே வாளிதான், மேலே ஒரு மெத்தை மட்டும் கூட. சமையலைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், கபின் உள்ள படகுகள் வெடிக்கிறது அப்படித்தான்.

கபின் படகுக்கு ஒரு நியாயம் உண்டு. கீழே பாரம் இருக்கிற படகு இலகுவில் கவிழாது, வேஃபேரர் கவிழும். இந்தப் படகில் பிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963இல் ஐஸ்லாந்துக்கும் 1964இல் நோர்வேக்கும் போயிருக்கிறார், கூட ஒரே ஒரு ஆள். நோர்வேக்குப் போன வழியில் புயலில் மரம் முறிந்தது, படகு நாலு தரம் கவிழ்ந்தது, நிமிர்த்தி நிமிர்த்திப் போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டியதில்லை, ஆனால் நிமிர்த்தப் பழக வேண்டும். முதல் மாதம் எங்கும் போகாதீர்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று வேண்டுமென்றே கவிழ்த்து, நீங்கள் ஒரு தரம் நிமிர்த்துங்கள், மனைவி ஒரு தரம் நிமிர்த்தட்டும், பிறகு பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கவிழுங்கள், அவர்கள் அதை விளையாட்டாக எடுப்பார்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் நிறைக்கு ஏற்றதாக, கால்களுக்கு இடையால் பட்டி போகிறதாக இருக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் அங்கி மட்டும் காதுக்கு மேலே வரக்கூடாது. பாயைச் சுருக்கக் கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய படகுகளில் பலர் அதைக் கழற்றிவிடுவார்கள், குடும்பத்தோடு ஓடுகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான். வெள்ளை நுரை தெரிந்தால் சுருக்குங்கள்.

முதல் இரவை நெடுந்தீவில் வைக்க வேண்டாம். குறிகட்டுவானில் இருந்து பயணிகள் படகே சோளகத்தில் நனைந்து நனைந்துதான் போகும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், கடற்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒதுக்கான ஓரிடம் பார்த்துத் தொடங்குங்கள். பிறகு எழுவைதீவு, அனலைதீவு. நெடுந்தீவு இரண்டாம் வருடம். நங்கூரம் சாதாழைக்கு, அதாவது கடற்புல்லுக்கு, மேலே பிடிக்காது, வெள்ளையாகத் தெரிகிற மணலைப் பார்த்துப் போடுங்கள், ஆழத்துக்கு ஏழு மடங்கு கயிறு விடுங்கள். 4 அடித் தண்ணீர்தான், கயிறு எக்கச்சக்கமாகத் தெரியும், விடுங்கள்.

போகமுன்னர் கடற்றொழில் திணைக்களத்தில் படகின் பதிவையும், கடற்படை முகாமில் இரவு தங்குவதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா கிட்ட, எல்லைக்கோடு கிட்ட, விளக்கில்லாத ஒரு சின்னப் படகு இரவில் நிற்பதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டு போகமாட்டார்கள். படகு இறக்குகிற கரையில் உள்ள கடற்றொழிலாளர் சங்கத் தலைவரையும் முன்கூட்டியே சந்தித்துக் கதையுங்கள். அது அவர்களுடைய வாசல். வலை எங்கே கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் கல், எல்லாம் அவர்தான் சொல்லுவார், அதை எந்த வரைபடத்திலும் பார்க்க முடியாது.

விற்பவர் அனுப்பினதென்று நீங்கள் கடிதத்தோடு சேர்த்து அனுப்பின மூன்று படத்திலும் வேஃபேரரின் பாய்தான் தெரிகிறது, ட்ரெய்லரின் சில்லு ஒன்றிலும் இல்லை. முதலில் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், குனிந்து, கிட்ட நின்று எடுக்கட்டும். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள்.

மகளுக்கு: தாராளமாக மாற்றலாம். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். அந்தப் பெயரோடுதான் அது வல்வெட்டித்துறை மாலுமிகளை ஏற்றிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. வல்வெட்டித்துறையில் இன்றைக்கும் அதை அன்னபூரணி என்றுதான் சொல்கிறார்கள், அதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.